எஞ்சின் ஹாலுக்கு முதல்ல போங்க

பெங்களூருக்குக் குழந்தை குட்டிகளோட வர்ற சொந்தக்காரங்களுக்கு நாம காட்டற ஊர் ரொம்பச் சின்னது. லால்பாக், கப்பன் பார்க், ஒரு கோயில், ரெண்டு மால். நாலாவது நாள் என்ன காட்டறதுன்னு முழிக்க ஆரம்பிச்சுடுவோம். அந்த நாலாவது நாளுக்கு என்கிட்ட ஒரு இடம் இருக்கு. பழைய ஏர்போர்ட் ரோட்டில் தொம்மலூர் தாண்டி மாரத்தஹள்ளிக்குப் போகும் வழியில் இருக்கிற எச்.ஏ.எல். விமான அருங்காட்சியகம். 2001-ல் திறந்தது. மொத்தமே நாலு ஏக்கர்தான். ரெண்டு ஹால், வெளியே மரத்தடியிலும் புல்வெளியிலும் நிறுத்தி வெச்ச விமானங்கள், சின்னதா ஒரு தோட்டம். அவ்வளவுதான். நிதானமா பார்த்தாலும் அரை நாள்ல முடிஞ்சுடும்.

இதுவரைக்கும் மூணு தடவை போயிருக்கேன். மூணு தடவையும் ஒரே காட்சி. உள்ளே நுழையறவங்க நேரா வெளியே நிக்கிற விமானங்கள்கிட்ட ஓடறாங்க. மூக்குப் பக்கம் ஒரு போட்டோ, இறக்கைக்குக் கீழே ஒரு போட்டோ. அப்புறம் பிள்ளைங்க சிமுலேட்டர் கேட்டு அடம் பிடிக்குது. அப்பா மணி பார்க்கிறார். எஞ்சின் வெச்சிருக்கிற ஹால் வாசல்ல எட்டிப் பார்த்துட்டு, "இங்க வெறும் மெஷின்தாம்மா இருக்கு"ன்னு திரும்பிடறாங்க.

என் கட்சி இதுதாங்க. அந்த ஹால்தான் இந்த மியூசியத்தோட இதயம். அதைப் பார்க்காம வெளியே நிக்கிற விமானங்களைப் பார்த்தா ஒண்ணுமே புரியாது. பார்த்துட்டு வெளியே வந்தா, இந்தியாவில் போர் விமானம் செய்யற கதை, இன்னிக்கு வரைக்கும் இழுத்துக்கிட்டிருக்கிற அந்தக் கதை, கண் முன்னாடி நிக்கும். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் டெக்னிக்கலா போகும், பொறுத்துக்குங்க :-)

முதல்ல போட்டோ ஹால். 1940-ல ஆரம்பிச்சு பத்துப் பத்து வருஷமா பிரிச்சு மாட்டியிருக்காங்க. வால்சந்த் ஹீராசந்த் என்கிற தொழிலதிபர், மைசூர் சமஸ்தானம், பாலி என்கிற அமெரிக்கர், இவங்க மூணு பேர் கூட்டுல 1940 டிசம்பர்ல ஆரம்பிச்ச கம்பெனி இது. அப்போ பேரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட். அடுத்த வருஷமே ஹார்லோ என்கிற பயிற்சி விமானத்தைப் பூட்டிப் பறக்க விட்டுட்டாங்க. 1943-ல் அமெரிக்க ராணுவம் நிர்வாகத்தைக் கையில எடுத்துக்கிட்டு, யுத்தத்தில் அடிபட்டு வர்ற விமானங்களை இங்கே பழுது பார்த்தது.

பெங்களூர்வாசிகளுக்கு ஒரு கொசுறு. அந்த நாள்ல கேட்டலினா என்கிற கடல் விமானங்களும் ரிப்பேருக்கு வரும். தண்ணியில இறங்கற விமானம், பெங்களூர்ல எங்கே இறங்கும்? பெள்ளந்தூர் ஏரியில! ஆமாங்க, சோப்பு நுரை பொங்கி ரோட்டுக்கு வந்து, 2017-ல தீயே பிடிச்சு எரிஞ்சுதே, அதே ஏரிதான். ஒரு காலத்துல விமானம் இறங்கற அளவுக்குத் தண்ணி இருந்த இடம். ஹூம்.

இந்தக் காலகட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை லிபரேட்டர் கதை. யுத்தம் முடிஞ்சதும் பி-24 லிபரேட்டர் என்கிற நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூர்ல குப்பை மாதிரி குவிச்சுட்டு வெள்ளைக்காரங்க கிளம்பிட்டாங்க. சும்மா போகலை. யாரும் திரும்ப எடுத்துப் பறக்கக் கூடாதுன்னு கருவிகளை உடைச்சு, எஞ்சின்ல மண்ணைப் போட்டுட்டுப் போனாங்க. 1948-ல் நம்ம விமானப் படைக்குப் பெரிய குண்டுவீச்சு விமானம் வேணும், வாங்கக் காசு இல்லை. எச்.ஏ.எல். ஆட்கள் கான்பூர் போய் அந்தக் குப்பையில இருந்து தேறினதைப் பொறுக்கி, பறக்கற அளவுக்கு மட்டும் ஒட்டுப் போட்டு, ஒவ்வொண்ணா பெங்களூருக்கு ஓட்டிக்கிட்டு வந்தாங்க. ஓட்டினவர் ஜம்ஷெட் முன்ஷி என்கிற சோதனை விமானி. இங்கே முழுசா பிரிச்சுப் பூட்டி, சுமார் 40 விமானம் தேத்திட்டாங்க. 1968 வரைக்கும் அதுங்க பறந்துது. இதைவிட வேடிக்கை என்னன்னா, அப்புறம் லண்டன்ல இருக்கிற அவங்க விமானப்படை மியூசியத்துக்கே லிபரேட்டர் தேவைப்பட்டப்போ, நம்மகிட்ட இருந்துதான் ஒண்ணு போச்சு. உடைச்சுப் போட்டவங்களுக்கே நாம தானம் பண்ணினோம்.

இந்தக் கதையை நம்ம ஊர் மெக்கானிக்கோட கெட்டிக்காரத்தனத்துக்கு உதாரணமா எல்லாரும் சொல்வாங்க. நானும் சொல்லிப் பெருமைப்படறவன்தான். ஆனா பழுது பார்க்கிறது வேற, புதுசா வரையறது வேற. அந்த வித்தியாசம்தான் அடுத்த கதை.

வரையற வேலையைத் தொடங்கினவர் டாக்டர் வி.எம்.காட்கே. அவர் தலைமையில் உருவான எச்.டி-2 என்கிற ரெண்டு சீட்டு பயிற்சி விமானம் 1951-ல் பறந்தது. மியூசியத்தில் ஒண்ணு நிக்குது, பார்க்க பொம்மை மாதிரி இருக்கும். ஒரு தலைமுறை விமானிகள் இதுலதான் பழகினாங்க. கானா நாட்டுக்குக்கூட ஏற்றுமதி பண்ணினோம். சின்ன விமானம், வெளிநாட்டுல ரெடியா கிடைக்கிற எஞ்சின், எந்தப் பிரச்சினையும் இல்லை. இந்த 'ரெடியா கிடைக்கிற எஞ்சின்' என்கிறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

வெளியே வந்தா மாருத். எச்.எஃப்-24.

இது நிக்கிற விமானங்கள்லயே அழகானது என்பது என் அபிப்பிராயம். பக்கத்துல கான்பெர்ரா தடியா இருக்கும், மிக்-21 ஒரு குழாய் மாதிரி இருக்கும் (2025 செப்டம்பர்ல விமானப் படையில் இருந்து ஓய்வு கொடுத்தாங்களே, அந்த மிக்). மாருத் அப்படி இல்லை. ஊசி மூக்கு, இடுப்பு ஒடுங்கின உடம்பு, பின்னாடி சாய்ஞ்ச இறக்கை. நின்னுக்கிட்டிருக்கும்போதே ஓடற மாதிரி இருக்கும். வரைஞ்சவர் கர்ட் டாங்க். ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனியோட ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைச்ச அதே டாங்க். தோத்துப்போன ஜெர்மனியில விமானம் கட்டக் கூடாதுன்னு தடை வந்ததும் அர்ஜென்டினா போனார். அங்கே ஆட்சி மாறினதும் 1956-ல் ஒரு சின்ன ஜெர்மன் குழுவோட பெங்களூர் வந்தார். ஜெட் விமானம் வரைஞ்சு பழக்கமே இல்லாத நம்ம இளைஞர்களைச் சேர்த்துக்கிட்டு அஞ்சே வருஷத்துல, 1961 ஜூன் 17-ஆம் தேதி, மாருத்தைப் பறக்க விட்டார். முதல்ல அதே அளவுல மரத்துல ஒரு கிளைடர் செஞ்சு, டகோட்டா விமானத்துல கட்டி இழுத்துக்கிட்டுப் போய்ப் பறக்க விட்டுச் சோதிச்சாங்களாம். நினைச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் இல்லை, பெரிய காற்றுச் சுரங்கம் இல்லை.

கடைசியா போனப்போ என் அக்கா பையன் கூட வந்திருந்தான், எட்டாவது படிக்கிறான். இந்தக் கதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மாருத்தைச் சுத்திச் சுத்தி வந்தான். அப்புறம் கேட்டான், "மாமா, இவ்ளோ நல்லா இருந்துச்சுன்னா ஏன் நிறுத்திட்டாங்க? மிக் இத்தனை வருஷம் ஓடிச்சுல்ல?"

"பின்னாடி போய்ப் பாருடா"ன்னேன்.

மாருத்தோட வாலுக்குக் கீழே ரெண்டு ஓட்டை இருக்கும், பக்கத்துல பக்கத்துல. ரெண்டு எஞ்சின். ஒவ்வொண்ணும் ஆர்ஃபியஸ் 703. தள்ளுவிசை சுமார் 2,200 கிலோ. டாங்க் இந்த விமானத்தை வரைஞ்சது இந்த எஞ்சினுக்காக இல்லை. பிரிட்டனில் அப்போ உருவாகிக்கிட்டிருந்த ஆர்ஃபியஸ் 12 என்கிற எஞ்சினுக்காக. மறுஎரிப்போட சேர்த்து அது சுமார் 3,700 கிலோ தள்ளும். மறுஎரிப்புன்னா, எஞ்சின்ல இருந்து வெளியே வர்ற சூடான காத்துல திரும்ப எரிபொருளைத் தெளிச்சுக் கொளுத்தி இன்னொரு உதை கொடுக்கிறது. அந்த எஞ்சின் வந்திருந்தா ஒலியைவிட ரெண்டு மடங்கு வேகத்தில் போகணும்னு திட்டம். நடுவுல நேட்டோ நாடுகளுக்கு அந்த எஞ்சின் வேண்டாம்னு ஆயிடுச்சு. உங்களுக்கு வேணும்னா மேம்படுத்தற செலவை நீங்க கொடுங்கன்னு பிரிட்டன் கேட்டுது. தில்லி மாட்டேன்னுடுச்சு. கடைசியில கையில இருந்த எஞ்சினைப் போட்டுப் பறந்தோம்.

இதே ஆர்ஃபியஸோட கூடப்பிறந்த எஞ்சின்தான் நாட் விமானத்தில் இருந்தது. நாட் எவ்வளவு சின்னதுன்னு தெரியணும்னா, அதோட இந்திய வாரிசு அஜீத் இங்கேயே நிக்குது, போய்ப் பக்கத்துல நின்னு பாருங்க. என் உயரத்துக்கே கொஞ்சம் குனிஞ்சு பேசலாம் போல இருக்கும். அந்தக் குட்டி விமானத்துக்குப் பொருத்தமான எஞ்சின் ரெண்டை எடுத்து ஒரு பெரிய விமானத்தில் வெச்சா எப்படி? லாரிக்கு ரெண்டு புல்லட் எஞ்சின் மாட்டின கதை. ஒலியோட வேகத்தைத் தொட்டுட்டுத் தொட்டுட்டுத் திரும்பிடுச்சு மாருத்.

அதுக்காக மட்டமான விமானம்னு நினைச்சுடாதீங்க. தரையை ஒட்டிப் பறக்கிறப்போ கல்லு மாதிரி நிக்கும்னு ஓட்டினவங்க எழுதியிருக்காங்க. 1971 போர்ல ராஜஸ்தான் எல்லையில் தரைத் தாக்குதலுக்கு நல்லாவே உழைச்சுது. ஒரு எஞ்சின் அடிபட்டாலும் இன்னொரு எஞ்சின்ல வீடு வந்து சேர்ந்துது. மொத்தம் 147 செஞ்சாங்க. அத்தோட சரி.

இப்போ எஞ்சின் ஹாலுக்கு வாங்க.

இங்கே எஞ்சின்களைக் குறுக்கே வெட்டி வெச்சிருக்காங்க, உள்ளே இருக்கிறது தெரியற மாதிரி. மோட்டார் வெச்சுச் சுத்த விடற மாதிரியும் உண்டு. ஜெட் எஞ்சின் தத்துவம் நாலே வார்த்தைதாங்க: இழு, அமுக்கு, கொளுத்து, தள்ளு. முன்னாடி காத்தை இழுக்கணும், வரிசை வரிசையா சுத்தற பிளேடுகளால அமுக்கணும், எரிபொருள் கலந்து கொளுத்தணும், பின்னாடி தள்ளணும். தள்ளிக்கிட்டுப் போற காத்து போற போக்குல ஒரு சக்கரத்தைச் சுத்தும், அந்தச் சக்கரம் முன்னாடி இருக்கிற பிளேடுகளைச் சுத்தும். பள்ளிக்கூடப் பையனுக்கே புரிஞ்சுடும். என் மருமகனுக்கு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுடுச்சு. புரிஞ்சதும் அவன் முகத்துல 'இவ்ளோதானா'ன்னு ஒரு அலட்சியம்.

அந்த நேரம் பார்த்து எங்க பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த ஒரு பெரியவர் சிரிச்சார். அல்சூர்க்காரர், பூர்வீகம் தங்கவயல் பக்கம். எஞ்சின் ஷாப்புல முப்பது வருஷத்துக்கு மேல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவராம். பேரனைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தார். நாங்க தமிழ் பேசறதைக் கேட்டுட்டு நின்னிருக்கார்.

"தம்பி, இந்தச் சக்கரத்துல இருக்கிற பிளேடைப் பாரு. என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். இதோட கஷ்டம் எனக்குத்தான் தெரியும்"னார்.

அவர் சொன்னதை என் பாணியில சொல்றேன். கொளுத்தின காத்து நேரா வந்து மோதறது அந்தப் பிளேடு மேலதான். இன்னிக்கு இருக்கிற போர் விமான எஞ்சின்கள்ல அந்தக் காத்தோட சூடு, பிளேடு செஞ்சிருக்கிற உலோகம் உருகற சூட்டைவிட அதிகம். உருகணும், ஆனா உருகக் கூடாது. அதே நேரம் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுத்து சுத்தும்போது நீண்டு போய் வெளிக்கூட்டை உரசவும் கூடாது. அதுக்காகப் பிளேடுக்குள்ளேயே தலைமுடி அளவு கண்ணுக்குத் தெரியாத வழிகள் வெச்சுக் குளிர்ந்த காத்தை அனுப்பறாங்க. பிளேடு முழுக்க ஒரே படிகமா வளர்க்கிறாங்க, கல்கண்டு வளர்க்கிற மாதிரின்னு வெச்சுக்குங்களேன். இந்த வித்தை தெரிஞ்ச நாடுகளை எண்ண ஒரு கை விரல் போதும். தெரிஞ்சவங்க யாரும் சொல்லித் தர மாட்டாங்க. எஞ்சினை விப்பாங்க, லைசென்ஸ் கொடுத்துப் பூட்டக்கூட விடுவாங்க. அந்தப் பிளேடை எப்படி வார்த்தோம்னு மட்டும் வாயே திறக்க மாட்டாங்க.

"நாங்க பிரிப்போம், பூட்டுவோம் சார். கண்ணைக் கட்டி விட்டாலும் பூட்டுவோம். ஆனா பிளேடு பெட்டியில வரும்"னார் பெரியவர். பேரன் இழுத்துக்கிட்டே இருந்தான், கிளம்பிட்டார். பேர்கூடக் கேட்டுக்கலை நான்.

பிளேடு பெட்டியில வரும். நான் இவ்வளவு நீட்டி முழக்கறதை அவர் மூணு வார்த்தையில சொல்லிட்டார்.

தேஜஸ் கதைக்கு வருவோம். இலகுரகப் போர் விமானத் திட்டம் 1983-ல் தொடங்கியது. 1989-ல் அதுக்குன்னே காவேரி என்கிற எஞ்சின் திட்டம். தேஜஸ் 2001 ஜனவரி 4-ஆம் தேதி பறந்துது, அமெரிக்க ஜி.இ. எஞ்சினைப் போட்டுக்கிட்டு. நடுவுல 1998 பொக்ரான் சோதனைக்காக அமெரிக்கா தடை போட்டு, அங்கே கட்டுப்பாட்டு மென்பொருள் வேலையில இருந்த நம்ம ஆட்களைத் திருப்பி அனுப்பினது தனிக்கதை. காவேரி தேவையான தள்ளுவிசையை எட்டலை, எடையும் கூடிப்போச்சு. 2008-ல் தேஜஸில் இருந்து காவேரியைப் பிரிச்சுட்டாங்க. 2021 பிப்ரவரியில 83 தேஜஸ் மார்க்-1ஏ வாங்க ஒப்பந்தம் போட்டாங்க. அதுக்கான 99 எஞ்சின்ல முதல் எஞ்சின் அமெரிக்காவில் இருந்து வந்து சேர்ந்தது 2025 மார்ச்ல. விமானத்தோட உடம்பு ரெடி, எஞ்சினுக்காகக் காத்திருப்பு. 1961-ல என்ன கதையோ அதே கதை. இடையில அறுபது வருஷம் போயிருக்கு.

இந்த விஷயம் பேச்சுக்கு வந்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். ஒரு கோஷ்டி, 'ஆசியாவிலேயே அப்பவே சூப்பர்சோனிக் விமானம் செஞ்சோம், தெரியுமா?'ன்னு மார் தட்டும். இன்னொரு கோஷ்டி, 'ஒரு எஞ்சினுக்குக் காசு கொடுக்காத முட்டாப்பசங்க'ன்னு அந்தக் காலத்து மந்திரிகளைத் திட்டும். இப்போ யார் ஆட்சி, அப்போ யார் ஆட்சின்னு பார்த்து ரெண்டு கோஷ்டியும் இடம் மாத்திக்கறதும் உண்டு :-)

எனக்கு ரெண்டுமே ஒத்து வரலை. மார் தட்டறவங்களுக்கு: சூப்பர்சோனிக் ஆகறதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சு, அதான் உண்மை. திட்டறவங்களுக்கு: அந்த நாள்ல அந்நியச் செலாவணி கையில இல்லை, சாப்பாட்டுக்கே கோதுமை கப்பல்ல வந்துக்கிட்டிருந்தது. வேற எந்த நாடும் வாங்காத எஞ்சினுக்கு முழுச் செலவையும் தலையில கட்டிக்க வேண்டாம்னு ஒரு அதிகாரி எழுதினா, அந்தக் கோப்பை மட்டும் பார்த்தா அது நியாயம்தான். 1962-ல் சோவியத்தோட மிக்-21 ஒப்பந்தம் போட்டதும் நியாயம்தான். ஒலியைவிட ரெண்டு மடங்கு வேகம், ரெடியா கிடைக்குது, லைசென்ஸும் கொடுக்கிறான், சீனாக்காரன் வாசல்ல நிக்கிறான். யாரா இருந்தாலும் வாங்கியிருப்பாங்க.

ஒவ்வொரு முடிவும் தனித்தனியா சரி. சேர்த்துப் பார்த்தாதான் வயிறு எரியுது. ஏன்னா மாருத்துக்கு அடுத்து என்னன்னு ஒண்ணு இல்லாம போச்சு. எகிப்தோட சேர்ந்து ஒரு முயற்சி நடந்தது. அவங்க எச்.ஏ-300 என்கிற விமானத்தையும் அதுக்கு ஈ-300 என்கிற எஞ்சினையும் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. விமானம் வரைஞ்சவர் மெஸ்ஸர்ஷ்மிட், இன்னொரு ஜெர்மன் ஜாம்பவான். அந்த எஞ்சினை மாருத்தில் போடலாம்னு இந்தியாவும் சேர்ந்துக்கிட்டுது. எச்.ஏ-300-ஐ 1964-ல் முதன்முதலா பறக்க விட்டதே கபில் பார்கவா என்கிற நம்ம விமானிதான். மாருத் ஒண்ணை எகிப்துக்கே கொண்டுபோய் அந்த எஞ்சினை மாட்டி 1967-ல் பறந்தும் பார்த்தாங்க. அந்த வருஷமே இஸ்ரேல் போர். 1969-ல் எகிப்து கடையைக் கட்டிட்டாங்க. டாங்க் 1967-லேயே கிளம்பிட்டார். இன்னிக்கு ம்யூனிக் பக்கத்துல ஜெர்மானிய அருங்காட்சியகத்தோட விமானக் கிளையில் ஒரு மாருத்தும், எச்.ஏ-300-ம் இருக்கு. ஜோடி சேராத மாப்பிள்ளையும் பொண்ணும் கடைசியில மூணாவது ஊர்ல ஒரே வீட்டுல குடியிருக்கிற மாதிரி.

1961-க்கும் 2001-க்கும் நடுவுல நாற்பது வருஷம். அஜீத் மாதிரி ஏற்கெனவே இருந்ததைத் திருத்தினது உண்டு. கிரண், பஸந்த் மாதிரி பயிற்சிக்கும் வயலுக்கு மருந்தடிக்கவும் செஞ்சது உண்டு. வெள்ளைத்தாள்ல முதல் கோடு போட்டு ஒரு போர் விமானம் பறந்தது இல்லை. மிக், ஜாகுவார்னு லைசென்ஸ் வாங்கிக் கட்டிக்கிட்டே இருந்தோம். போட்டோ ஹால்ல எழுபதுகள், எண்பதுகள் பக்கம் நின்னு பாருங்க, எண்ணிக்கையில குறைவே இல்லை. ஆனா டாங்க்கிட்ட முப்பது வயசுல தொழில் கத்துக்கிட்டவன், அடுத்ததா ஒரு போர் விமானம் வரையறதுக்குள்ள பென்ஷன் வாங்கிட்டான். கையில வந்த வித்தை, அடுத்த வேலை இல்லாததால கையோட போயிடுச்சு. நாதஸ்வரம் வாசிக்கிற குடும்பத்துல ஒரு தலைமுறை வாசிக்காம விட்டா அடுத்த தலைமுறைக்கு சீவாளி கட்டக்கூடத் தெரியாது இல்லீங்களா, அந்த மாதிரி. வெளிநாட்டு எஞ்சின் வாங்கினதுல எனக்கு வருத்தம் இல்லை. வாங்கிக்கிட்டே, பக்கத்துல சொந்தமா ஒண்ணைச் செஞ்சு செஞ்சு உடைச்சுக்கிட்டே இருந்திருக்கணும். தோத்தாலும் பரவாயில்லை, கை மறந்திருக்காது.

அப்துல் கலாம் எம்.ஐ.டி. முடிச்சுட்டுப் பயிற்சிக்கு வந்தது இதே எச்.ஏ.எல்.லுக்குத்தான். எஞ்சின் பிரிச்சுப் பூட்டற வேலை பார்த்ததா சுயசரிதையில எழுதியிருக்கார். ராக்கெட்டுல நாம ஜெயிச்சதுக்கும் ஜெட் எஞ்சின்ல திணறினதுக்கும் ஒரு வித்தியாசம் எனக்குத் தோணுது. ராக்கெட்ல ஒண்ணு விழுந்தா, அடுத்தது வரிசையில நின்னுக்கிட்டிருந்துது. விழுந்த ஆளுங்களே எழுந்து அடுத்ததைச் செஞ்சாங்க.

இன்னொரு ஆளைப் பத்திச் சொல்லாம விட்டா மனசு கேக்காது. பழைய மெட்ராஸ் ரோட்டையும் பழைய ஏர்போர்ட் ரோட்டையும் இணைக்கிற சாலைக்குப் பேரு சுரஞ்சன் தாஸ் ரோடு. தினம் எத்தனை ஆயிரம் பேர் அந்த டிராஃபிக்ல சிக்கிக்கிட்டு, போன்ல "எஸ்.டி. ரோட்டுல மாட்டிக்கிட்டேன்"னு சொல்றோம். சுரஞ்சன் தாஸ்தான் 1961-ல் மாருத்தை முதன்முதலா பறக்க விட்ட விமானி. எஞ்சின் பத்தலைன்னதும், இருக்கிற ஆர்ஃபியஸிலேயே மறுஎரிப்பை ஒட்ட வெச்சுப் பார்க்கலாம்னு ஒரு முயற்சி நடந்தது. அந்த ரக மாருத்தைச் சோதிக்கக் கிளம்பினப்போதான் 1970 ஜனவரி 10-ஆம் தேதி விபத்துல செத்துப்போனார். அவர் பேர்ல இருக்கிற அந்த ரோட்டுலதான், காவேரி எஞ்சினைச் செய்யற ஜி.டி.ஆர்.ஈ. ஆய்வகமும் இருக்கு. யாரும் யோசிச்சு வெச்சதா இருக்காது, தற்செயல்தான். ஆனா அந்தப் போர்டைக் கடக்கிறப்பெல்லாம் எனக்கு என்னமோ பண்ணும்.

சின்ன மியூசியத்தோட சௌகரியம் என்னன்னா, கயிறு கட்டி முப்பது அடி தள்ளி நிறுத்த மாட்டாங்க. ஆணி ஆணியா எண்ணலாம். எந்தத் தகடு எங்கே ஒட்டியிருக்குன்னு பார்க்கலாம். பெரிய பெரிய மியூசியத்துல நூறு விமானம் பார்த்துட்டு ஒண்ணும் ஞாபகம் இல்லாம வர்றதுக்கு, இங்கே நாலு விமானத்தை நல்லாப் பார்க்கலாம். அதே சமயம், நம்ம நாட்டுல நான் பார்த்த விமானக் காட்சியகங்கள் சிலதுல (ஊர் பேர் வேண்டாம்) போர்டைப் படிச்சா நீளம் இத்தனை, உயரம் இத்தனை, வேகம் இத்தனைன்னு மட்டும் இருக்கும். கல்யாணத் தரகர் ஜாதகம் மாதிரி. யார் செஞ்சா, எதுக்கு நிறுத்தினா, என்ன தப்பாப் போச்சுன்னு ஒரு வரி இருக்காது. ஞாயித்துக்கிழமை தோறும் அந்த அல்சூர் பெரியவர் மாதிரி ரெண்டு பேரை ஒரு நாற்காலி போட்டு எஞ்சின் பக்கத்துல உட்கார வெச்சு, காபி வாங்கிக் கொடுத்தாப் போதும். போர்டே தேவைப்படாது. இதுக்கெல்லாம் பட்ஜெட், கமிட்டி எதுவும் வேண்டாம். அவங்களும் வீட்டுல சும்மாதான் இருக்காங்க, பேச ஆள் இல்லாம.

சரி, போறவங்களுக்கு நான் சொல்ற வரிசை இதுதான். முதல்ல எஞ்சின் ஹால். இழு, அமுக்கு, கொளுத்து, தள்ளு, பிள்ளைங்களுக்கு அங்கேயே சொல்லிக் கொடுத்துடுங்க. பிளேடைக் காட்டுங்க. ஆர்ஃபியஸைத் தேடிக் கண்டுபிடிங்க. அடுத்தது அஜீத், அப்புறம் மாருத், முன்பக்கம் இல்லை, பின்பக்கம். அந்த ரெண்டு ஓட்டைக்கு நேரா நின்னு இந்தக் கதையைச் சொல்லுங்க. போட்டோ ஹால் அதுக்கப்புறம். சிமுலேட்டரைக் கடைசிக்கு வெச்சுக்குங்க, முதல்லயே காட்டினா பிள்ளைங்க வேற எதுக்கும் நகராது. கிளம்பறதுக்கு முன்னாடி திறந்திருக்கிற நேரத்தை விசாரிச்சுக்கிட்டுப் போறது நல்லது. வெயில் காலம்னா தொப்பி.

2008 மே மாசம் தேவனஹள்ளி ஏர்போர்ட் திறந்ததுல இருந்து பக்கத்து ஓடுதளத்துல பயணிகள் விமானம் இல்லை. ஆனா சோதனை விமானங்கள் இன்னும் கிளம்பும். நாங்க மாருத் பின்னாடி நின்னப்போ ஒண்ணு கிளம்பிச்சு. மரத்துக்கு மேல தெரியறதுக்குள்ள போயிடுச்சு, சத்தம் மட்டும் நெஞ்சுல வந்து இடிச்சுது. மருமகன் காதைப் பொத்திக்கிட்டே கத்தினான், "மாமா, அது யாரோட எஞ்சின்?"